கேட்டுக்கு வெளியே சாவி

இணையம் இல்லாத கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கென்றே ஒரு மென்பொருளை எழுதி, அதை ஏற்றும்போது இணையம் வழியாக வந்து என்னிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றும் எழுதி வைத்தவன் நான். குடித்துவிட்டு எழுதவில்லை. தூக்கக் கலக்கமும் கிடையாது. காலையில் குளித்து, நெற்றியில் திருநீறு இட்டு, இரண்டாவது காபிக்குப் பிறகு முழு நிதானத்தில் எழுதினேன். எழுதி முடித்ததும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, என்ன ஒரு பாதுகாப்பு என்று என்னையே மெச்சிக்கொண்டதுகூட நினைவிருக்கிறது.

என் தொழில், பட்டாசுக் கம்பெனிகளுக்கும் அச்சகங்களுக்கும் பில் போடுகிற, இருப்புக் கணக்கு வைக்கிற மென்பொருள் செய்து கொடுப்பது. சூலக்கரைப் பக்கம் எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை, அதற்கு வாசலில் ஒரு போர்டு, போர்டில் 'சொலூஷன்ஸ்' என்று முடிகிற ஒரு பெயர். எதைத் தீர்த்து வைத்தீர்கள் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. நிறுவனத்தில் இரண்டு பேர். ஒருவர் நான். மற்றவர் என் மனைவி. வேலை செய்வது அவள். கொஞ்சம் வசதியான கம்பெனிகள் எல்லாம் சென்னைக்காரர்களிடம் போய், தங்கள் கணக்கை எங்கோ இருக்கிற மேகத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டன. இணையம் என்றாலே முகம் சுளிக்கிற முதலாளிகள் மட்டும் என்னிடம் மிஞ்சினார்கள். வெளியில் நான் இதை 'ஆஃப்லைன் சர்வர்களில் தனித் தேர்ச்சி' என்று சொல்லிக்கொள்வேன்.

அந்தப் பூட்டு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஓர் அச்சகத்தில் என் மென்பொருளை என்னிடம் சொல்லாமல் இன்னொரு கம்ப்யூட்டரிலும் போட்டு வைத்திருந்ததை ஒருநாள் பார்த்துவிட்டேன். கோபப்பட வேண்டிய இடம், கோபமும் பட்டேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு கிளுகிளுப்பு. திருடுகிற அளவுக்கு என் சரக்கில் ஏதோ இருக்கிறது! அன்றைக்கே பூட்டுச் செய்ய உட்கார்ந்துவிட்டேன். புதிய பதிப்பை ஏற்றினால் அது முதலில் இணையத்தில் என் அலுவலகத்தைத் தேடும். கிடைக்காவிட்டால் திரையில் நீளமாக ஓர் எண்ணைக் காட்டும். அந்த எண்ணை எனக்குப் போனில் சொன்னால், என் அலுவலகக் கம்ப்யூட்டர் அதற்குப் பதிலாக இன்னொரு நீள எண்ணைத் தரும். அதுதான் சாவி. பத்து நிமிடத்துக்குள் சாவியை அடிக்க வேண்டும். தவறினால் முதல் எண் செல்லாமல் போய், வேறு எண் வந்துவிடும். அது ஏன் பத்து நிமிடம் என்றால், நான் நிறையப் படிக்கிறவன். எந்தப் பூட்டுக்கும் ஒரு கெடு வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன்.

இந்தப் பூட்டைப் போட்டுக்கொண்டு நான் போய் நின்ற இடம், சாத்தூரிலிருந்து சிவகாசி போகிற வழியில் கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிற ஒரு பட்டாசுக் கம்பெனி. உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. எல்லாப் பட்டாசுக் கம்பெனியிலும் அப்படித்தான். இங்கே சர்வருக்கும் இணையம் கிடையாது. ஊருக்குள் இருந்த அவர்களுடைய ஆபீசில் ஒருமுறை ஏதோ வைரஸ் புகுந்து எல்லாக் கணக்கையும் பூட்டிப் போட்டுவிட்டது. அன்றிலிருந்து முதலாளியின் தீர்ப்பு ஒன்றுதான்: "வயரு வழியா வாறது எதுவும் நம்ம தொழிலுக்கு ஆகாது." ஆகவே அங்கே அப்டேட் என்பது நான்தான். பெரிய நிறுவனங்கள் உட்கார்ந்த இடத்தில் பொத்தானை அமுக்கி உலகம் முழுக்க அனுப்புவதை நான் பென் டிரைவில் போட்டு, சட்டைப் பையில் வைத்து, ஸ்கூட்டரில் கொண்டுபோகிறேன். வழியில் சாத்தூரில் வெள்ளரிப் பிஞ்சு வாங்கலாம். அந்த வசதி அவர்களுக்கு இல்லை.

அன்று ஏப்ரல் தொடக்கம், பங்குனியின் பின்பாதி. புதிய கணக்கு வருடம் பிறந்து கம்பெனி திறந்த முதல் நாள். காலையில் அங்கே கம்ப்யூட்டரில் பில் போடுகிற அம்மாள், கேட் வரைக்கும் நடந்து வந்து தன் போனை எடுத்து என்னைக் கூப்பிட்டார்.

"சார், பில்லு வர மாட்டேங்குது. புது வருசத்துக்கு அப்டேட் பண்ணுங்கன்னு சொல்லிட்டு அப்படியே நிக்குது."

அப்படி நிற்கச் சொன்னதும் நான்தான். போன வாரமே போய் ஏற்றியிருக்க வேண்டும். ஒரு பேரரசு எப்படிச் சரிந்தது என்று விளக்குகிற தடித்த புத்தகம் ஒன்றின் நடுவில் இருந்தேன். விட்டுவிட்டு எழ மனம் வரவில்லை.

"லோடு ஏத்தியாச்சு சார். லாரி நிக்குது. சாயங்காலத்துக்குள்ள வண்டி வெளிய போயாகணும்."

"அரை மணி நேர வேலைம்மா" என்றேன்.

புதிய பதிப்பைச் சரிபார்த்துவிட்டுக் கிளம்பி, நான் போய்ச் சேர்ந்தபோது மதியம் சாய்ந்திருந்தது. கேட்டில் வாட்ச்மேன் என்னை உரிக்க ஆரம்பித்தார். போன், ஸ்கூட்டர் சாவி, செருப்பு, இரும்புப் பக்கிள் வைத்த பெல்ட் எல்லாம் அவர் அறைக்குப் போயின. பிறகு என் சட்டைத் துணியை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார்.

"இது பருத்தி இல்லையே, அண்ணாச்சி."

"கொஞ்சம் கலந்திருக்கும்."

"கலந்ததெல்லாம் உள்ள போகப்படாது. உரசுனா பொறி வரும்." தன்னுடைய மாற்றுச் சட்டையை எடுத்துக் கொடுத்தார். காக்கி. எனக்கு அது ஒரு சுற்றுப் பெரிது. பெல்ட் இல்லாத பேண்ட் எனக்கு எப்போதும் ஒரு சுற்றுப் பெரிது. கடைசியாக என் உள்ளங்கையில் இருந்த பென் டிரைவைப் பார்த்தார்.

"இது தீப்பத்துமா?"

"பத்தாது."

"எதுக்கும் அதையும் தொட வைங்க."

உள்ளே போகிற எவரும் உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்குவதற்காக அங்கே பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நான் தொட்டேன். பென் டிரைவும் தொட்டது. ஒரு கையில் பேண்ட்டைப் பிடித்தபடி, வெறுங்காலோடு, பங்குனி வெயிலில் காய்ந்த சரளை மேல் பாதம் மாற்றி மாற்றி வைத்து, தொழில்நுட்பம் உள்ளே நுழைந்தது.

கேட்டுக்கும் சர்வருக்கும் நடுவே நல்ல தூரம். வழியில் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே வேண்டுமென்றே விட்ட வெற்றிடம். ஒவ்வோர் அறையிலும் சில பெண்கள் மட்டும் உட்கார்ந்து, வெள்ளி பூசினாற்போல் மருந்து படிந்த கைகளால் வேலை பார்ப்பார்கள். எல்லாவற்றையும் தாண்டிக் கடைசியில் பேக்கிங் கூடம், அதை ஒட்டிப் பில் போடுகிற அறை. பெட்டிகளை எண்ணுகிற இடத்திலேயே பில்லும் இருக்க வேண்டும் என்று முதலாளி சர்வரை அங்கே வைத்திருந்தார். அது சரியான யோசனைதான். அந்தக் கம்பெனியில் சரியாக யோசிக்காத ஒரே பொருளை நான் கையில் வைத்திருந்தேன்.

கூடத்துக்கு எதிரே லாரி, தார்ப்பாய் இழுத்துக் கட்டி, தயாராக நின்றது. அதன் நிழலில் லோடுமேன்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் மஞ்சள் வேட்டி கட்டி, மணிக்கட்டில் மஞ்சள் கிழங்குத் துண்டு முடிந்த காப்புக் கயிற்றோடு இருந்தார். அவர் ஊர் அம்மன் கோயிலில் அன்று பங்குனிப் பொங்கல் திருவிழா.

"சார் வந்துட்டாக. இனி கவலையில்ல" என்று எழுந்தார்.

கவலை என்னவென்று பில் அம்மாள் சொன்னார். மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனால் அக்னிச்சட்டி எடுப்பதாக அந்த மூத்த லோடுமேன் நேர்ந்திருந்தார். பேரன் பிறந்து இப்போது தவழ்கிறான். விளக்கு வைக்கிற நேரத்தில் ஊரில் சட்டிகள் கிளம்பிவிடும். அதற்கு முன்பே போய்க் குளித்து, கோயில் வாசலில் நிற்க வேண்டும். விடியற்காலையிலேயே வந்து லோடு ஏற்றி முடித்ததும் அதற்காகத்தான். பில் வந்து வண்டி கேட்டைத் தாண்டினால் அவர் போகலாம். வராவிட்டால் ஏற்றிய அத்தனை பெட்டிகளையும் இறக்கித் திரும்ப குடோனில் அடுக்க வேண்டும், ஏனென்றால் சரக்கு ஏற்றிய வண்டி ராத்திரி உள்ளே நிற்கக் கூடாது. அடுக்கி முடித்தால் இருட்டிவிடும். சட்டி அடுத்த பங்குனிக்குப் போய்விடும். ஒரு வருடம் முழுக்க அம்மனுக்குப் பாக்கி வைத்துவிட்டுத் தவழ்கிற பேரனைப் பார்த்துக்கொண்டிருக்க எந்தத் தாத்தாவுக்கும் மனம் வராது.

"கையாலயே ஒரு பில்லு எழுதிக் குடுத்துட்டா?" என்று நான் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"கைபில்லுன்னா முதல் செக்போஸ்ட்லயே ஓரங்கட்டிருவாக சார். நீங்கதான வந்து எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்கு மாத்துனீக" என்றார் அம்மாள்.

பென் டிரைவைச் செருகினேன். பச்சைக் கோடு இடமிருந்து வலமாக அழகாக நகர்ந்தது. லோடுமேன் வாசலில் நின்று, கோயில் நடை திறப்பதைப் பார்ப்பது போல அதைப் பார்த்தார். கோடு முடிந்ததும் திரை என் அலுவலகத்தைத் தேடத் தொடங்கியது. இல்லாத இணையத்தில், இருக்கிற பொறுமையோடு தேடியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாடி அறையில் நூறு தடவை சோதித்துப் பார்த்திருந்தேன். நூறு தடவையும் என் வீட்டு இணையம் ஓடிக்கொண்டிருந்தது. தேடல் தோற்று, நீள எண் வந்தது. அதன் கீழே கடிகாரம் பின்னோக்கி ஓட ஆரம்பித்தது.

"இது என்ன சார்?"

"ஒண்ணுமில்ல. சின்ன நடைமுறை."

அட்டைப்பெட்டித் துண்டில் எண்ணை எழுதிக்கொண்டு கேட்டுக்கு நடந்தேன். போனை வாங்கி மனைவியைக் கூப்பிட்டேன்.

"ஒரு நம்பர் சொல்றேன். அதுக்குச் சாவி எடுத்துச் சொல்லு, சீக்கிரம்."

"எங்க இருக்கீக?"

"கேட்டுல."

"உள்ளதான் போனையே விடமாட்டாகளே. பெறகு எதுக்குப் போன்ல சாவி வாங்குற மாதிரி செஞ்சு வச்சீக?"

"அதெல்லாம் பாதுகாப்புக்கு."

"யாருட்ட இருந்து?"

நேரம் ஓடுகிறது என்று எண்ணை வாசித்தேன். சாவியை எழுதிக்கொண்டு திரும்பினேன். அறைக்குள் நுழையும்போதே அம்மாளின் முகம் சொல்லிவிட்டது.

"வேற நம்பரு வந்துருச்சு சார்."

"தெரியும்."

"நீங்க பாதி வழியில இருக்கும்போதே வந்துருச்சு."

இரண்டாம் முறை வேகமாக நடந்தேன். திரும்பும்போது அந்த வேகம் என்னை அறியாமலே ஓட்டமாகிவிட்டது. பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு, பெரிய காக்கிச் சட்டை காற்றில் உப்ப, நான் ஓடி வந்த காட்சியைப் பார்த்து ஓர் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எதிரே போர்மேன் வந்து வழியை மறித்தார். அந்த வளாகத்தில் முதலாளி இல்லாத நேரத்தில் முதலாளி அவர்தான்.

"ஏலே, யாரது ஓடுறது?" என்று ஆரம்பித்தவர், என் நரையைப் பார்த்ததும் மரியாதைக்கு மாறினார். "ஓடப்படாதுன்னு போர்டு வச்சிருக்கோம், பாக்கலியாக்கும்?"

"அவசரமுங்க."

"அவசரத்துக்குத்தான் அந்தப் போர்டே. அவசரம் இல்லாதவன் எதுக்கு ஓடப் போறான்? நடங்க, என்கூடவே நடங்க."

அவர் நடை, மாப்பிள்ளை அழைப்பில் பெண் வீட்டுக்காரர்கள் நடப்பது போல. ஒரு அடி முந்தினாலும் கையை நீட்டி நிறுத்தினார். நான் உட்கார்ந்து சாவியை அடிக்க, கடைசிச் சில இலக்கங்கள் பாக்கி இருக்கையில் கடிகாரம் முடிந்து, புதிய எண் பளிச்சென்று வந்தது. அவ்வளவு துல்லியமாக நான் எழுதிய வேறெதுவும் வேலை செய்ததில்லை.

"நீங்க எழுதுனதுதான சார்? அந்தக் கடிகாரத்த நீங்களே நிறுத்த முடியாதா?" என்று அம்மாள் கேட்டார்.

"யாராலயும் நிறுத்த முடியாத மாதிரி எழுதியிருக்கேம்மா."

"ஏன் சார்?"

கம்ப்யூட்டரின் தேதி, நேரத்தைப் பின்னால் தள்ளி வைத்து ஏமாற்ற முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை. அப்படி ஒரு அயோக்கியன் என்றாவது வருவான் என்று எழுதும்போதே யூகித்து, அந்த வழியையும் அடைத்திருந்தேன். அந்த அயோக்கியன் காக்கிச் சட்டையில் வருவான் என்பதை மட்டும் யூகிக்கவில்லை.

வெளியே லாரியின் நிழல் அந்தப் பக்கம் சாய்ந்து நீண்டுவிட்டது. லோடுமேன் காப்புக் கயிற்றைத் திருகிக்கொண்டே வானத்தை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருடைய ஆட்களில் ஒருவர் எழுந்து தார்ப்பாய்க் கயிற்றின் முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அவிழ்க்க எவ்வளவு நேரமாகும் என்று பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

அங்கேதான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. எண்ணை நான் எடுத்துக்கொண்டு போவதில் பாதி நேரம் போகிறது. சாவியோடு திரும்புவதில் மீதி போகிறது. திரும்பி வராமல் இருந்தால்? அம்மாளை அறை வாசலில் நிற்கச் சொன்னேன். கேட்டிலிருந்து சாவியை நான் ஒவ்வோர் இலக்கமாகக் கத்துவேன். அவர் காதில் வாங்கி உள்ளே போய் அடிக்க வேண்டும். இந்த யோசனைக்காக இரண்டாவது முறையாக என்னை மெச்சிக்கொண்டேன். என்னை நானே மெச்சிக்கொள்கிற ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் யாராவது ஓர் ஆள் இருந்து தடுப்பது நல்லது.

கேட்டை ஒட்டி நின்று, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, "எட்டு!" என்று கத்தினேன். "மூணு!" என்று கத்தினேன்.

மூன்றாவது இலக்கத்துக்கு வாய் திறப்பதற்குள் எல்லா அறைகளிலிருந்தும் பெண்கள் வெளியே வந்துவிட்டார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், வெட்ட வெளியை நோக்கிப் போனார்கள். யாரும் சத்தம் போடவில்லை. மொத்த வளாகத்திலும் சத்தம் போட்டது நான் ஒருவன்தான். பட்டாசுக் கம்பெனிக்குள் யாராவது கத்தினால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் என்பது, அந்த மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வேலி ஓரத்தில் போய் நின்று, எந்த அறையிலிருந்தும் புகை வரவில்லை என்று பார்த்த பிறகும் ஒருவர் கையை ஒருவர் விடவில்லை. ஒரு பெண் மட்டும் தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நான் அருகில் போய், தவறு என்னுடையது, கம்ப்யூட்டருக்காகக் கத்தினேன் என்று சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று என் காதிலும் விழுந்தது.

முதலில் வாய் திறந்தவர் ஒரு வயதான பெண். "கம்ப்யூட்டருக்குக் காது கேக்காதாண்ணே?"

அத்தோடு பயம் கோபமாகி, கோபம் கேலியாகி, எல்லாம் என் மேல் விழுந்தது.

"ஏலச்சீட்டுல்ல கூவுறாக."

"எட்டும் மூணும் பதினொண்ணு. எனக்கு என்ன பரிசு?"

"யாரு புது வாட்ச்மேனா? சட்டையே நிக்கல, வேலை எங்க நிக்கப் போகுது?"

போர்மேன் வந்தார். அவர் முகத்தில் நிறம் இல்லை. ஒவ்வோர் அறையிலும் தலையை எண்ணி, எல்லோரையும் திரும்ப உட்கார வைத்துவிட்டு, என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

"ஒங்க போனு உள்ள வராது, சரியா?"

"வராது."

"கம்ப்யூட்டரு வெளிய போகுமா, போகாதா?"

நான் வாயைத் திறந்தேன். சர்வரை இடம் மாற்றுவதில் உள்ள அபாயங்கள் பற்றி நான் படித்திருந்தவை எல்லாம் தொண்டை வரை வந்து நின்றன. "போகும்" என்றேன்.

"அப்ப அந்தப் பெட்டியக் கழட்டிக் கேட்டுக்குக் கொண்டு போங்க. அங்கன வாட்ச்மேன் ரூம்ல பிளக்கு இருக்கு. இனி ஒரு சத்தம் கேட்டா, பெட்டியோட சேத்து ஒங்களையும் வெளிய வச்சிருவேன்."

"லாரியிலயே வச்சு..." என்றேன்.

"பில் இல்லாம வண்டி ஒரு அடி நகரப்படாது." விதிகளில் அவர் என்னைவிடக் கடுமையானவர். வித்தியாசம், அவருடைய விதிகளுக்குக் காரணம் இருந்தது.

வயர்களைக் கழற்றினேன். சர்வர் என்று நான் இத்தனை வருடம் மரியாதையாகச் சொல்லி வந்தது, தூசி தட்டிப் பார்த்தால், ஒரு கறுப்புத் தகரப் பெட்டி. லோடுமேன் தோள் துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்து அதைத் தலைக்கு ஏற்றிக்கொண்டார்.

"சார், இது குலுங்கலாமா?"

"குலுங்கப்படாது."

"அடிபடலாமா?"

"கூடாது."

"சூடு?"

"சூடும் ஆகாது."

"வெடியே தேவலாம் போலயே" என்று கிளம்பினார்.

போர்மேன் முன்னே நடந்தார். அவருக்குப் பின்னால் மஞ்சள் வேட்டியும் தலையில் சர்வருமாக லோடுமேன். அவருக்குப் பின் ஒருவர் திரையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டும், இன்னொருவர் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டும் வந்தார்கள். கீபோர்டும் வயர்களுமாக அம்மாள். கடைசியில் ஒரு கையில் பேண்ட்டும் மறு கையில் பென் டிரைவுமாக நான். சாமி புறப்பாட்டில் கடைசியாக வருகிற ஆளுக்கு வழக்கமாக ஒரு வேலையும் இருக்காது; அந்த முறை அங்கேயும் கடைப்பிடிக்கப்பட்டது. அறை வாசல்களில் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஆத்தாவுக்கு எங்கன புறப்பாடு?"

"கேட்டுக்குப் போயி வரம் வாங்கிட்டு வருதாம்."

யாரோ ஒருத்தி நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். அடுத்த அறை அதை வாங்கியது. வரிசை முழுக்கக் குலவை எழுந்தது. போர்மேன் திரும்பி முறைத்தார். ஆனால் குலவைக்கு எதிராக அங்கே எந்தப் போர்டும் இல்லை.

வாட்ச்மேன் அறையில் அவருடைய சாப்பாட்டுத் தூக்கை நகர்த்திவிட்டு சர்வரை வைத்தோம். அது கண் விழித்தது, என் அலுவலகத்தைத் தேடியது, தோற்றது, எண்ணைக் காட்டியது. போனைக் காதில் வைத்துக்கொண்டே எண்ணைச் சொன்னேன்.

"இப்ப எங்க இருக்கீக?" என்றாள் மனைவி.

"கேட்டுலதான்."

"கம்ப்யூட்டரு?"

"அதுவும் கேட்டுலதான்."

"இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல?" பிறகு சாவியைச் சொன்னாள். அடித்தேன். பூட்டுத் திறந்தது. கடிகாரத்தில் இன்னும் நிறைய நேரம் பாக்கி இருந்தது. அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. பிரிண்டர் கனைத்துவிட்டுப் பில்லைத் துப்பியது. அம்மாள் அதைக் கிழித்து, சரிபார்த்து, போர்மேனிடம் கையெழுத்து வாங்கினார். லாரி வந்தது; வாட்ச்மேன் கேட்டைத் திறந்தார்; லாரி போனது. லோடுமேன் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சாத்தூர் போகிற மினி பஸ் தூரத்தில் தெரிந்தது. போர்டுக்கு வெளியே வந்துவிட்டதால் தாராளமாக ஓடினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த வயதில் யாரும் ஓடாத ஓட்டம். படியில் தொற்றிக்கொண்டதைப் பார்த்தேன். சூரியன் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

சர்வரைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தது மற்ற லோடுமேன்கள். இம்முறை குலவை இல்லை. என் சொந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வாட்ச்மேனின் காக்கியை மடித்துக் கொடுத்தேன். "வேர்த்துருக்கீகளே அண்ணாச்சி" என்று அதை விரல் நுனியில் வாங்கிக் கொடியில் போட்டார்.

வீட்டுக்குப் போன கையோடு பூட்டை எடுத்துவிட்டேன். யார் வேண்டுமானாலும் திருடிக்கொள்ளட்டும் என்று. இன்றுவரை யாரும் திருடவில்லை. பூட்டில்லாத பதிப்போடு சித்திரையில் அந்தக் கம்பெனிக்கு மறுபடி போனேன். முழுப் பருத்திச் சட்டை, பக்கிள் இல்லாத பெல்ட். வேலை சொன்ன அரை மணி நேரத்தில் முடிந்தது. யாரும் கவனிக்கவில்லை.

வெளியே லோடுமேன் இன்னொரு லாரிக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, மணிக்கட்டில் காப்பு இல்லை. அன்றைக்குச் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா என்று கேட்டேன்.

"போயிட்டேன் சார். குளிச்சிட்டு வரவும் மேளம் அடிக்கவும் சரியா இருந்துச்சு. நல்லாவே எடுத்தேன்." தலையிலிருந்த பெட்டியை மேலே ஏற்றிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்பது போல நான் ஏதோ ஆரம்பித்தேன். அவர் அதைக் காதில் வாங்காமல், நிஜமான அக்கறையோடு என்னிடம் கேட்டார்:

"அடுத்த வருசமும் நீங்க எதையாச்சும் ஏத்த வருவீகளா சார்? வாரதா இருந்தா முன்கூட்டியே சொல்லிருங்க. அந்த வருசம் மட்டும் நான் எதுக்கும் நேர்ந்துக்கிடாம இருந்துக்கிடுதேன்."